காலையில் பூசிய களிம்பு

என் அப்பாவும் அம்மாவும் ஒரே வீட்டில் இருந்துகொண்டே நாலு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தவர்கள். நடுவில் மாட்டிக்கொண்டவள் நான். மகள் உத்தியோகத்தைவிடத் தபால்காரி உத்தியோகம்தான் எனக்கு அதிகம். அப்பா எதிரிலேயே உட்கார்ந்திருப்பார். அம்மா என்னைப் பார்த்து, "உங்கப்பாவுக்கு இன்னும் கொஞ்சம் வேணுமான்னு கேளு" என்பாள். அவரும் எதுவும் காதில் விழாத மாதிரி நான் கேட்கும்வரை காத்திருப்பார். ஒருநாள் பொறுமை போய், "நீங்களே பேசித் தொலைங்க" என்று தட்டோடு எழுந்து போய்விட்டேன். அன்று இரண்டு பேரும் அரைவயிற்றோடு எழுந்ததுதான் மிச்சம்.

சண்டைக்குக் காரணம் என் மாமா, அம்மாவின் ஒரே அண்ணன். அவர் மாரடைப்பில் போய்ச்சேர்ந்த அன்று அப்பா சலூனில் இருந்தார். அவர் முடிதிருத்துபவர். தகவல் போனபோது நாற்காலியில் இருந்தவருக்குப் பாதி தலைதான் வெட்டியிருந்தாராம். மீதியை வெட்டி முடித்து, கழுத்தில் ஒட்டிய முடியைத் தட்டிவிட்டு, சாலை நெரிசலில் நீந்தி ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்வதற்குள் மாமாவின் முகத்தை மூடிவிட்டார்கள். "பாதி தலையோட ஒரு ஆளை எப்படி எழுப்பி அனுப்புறது?" என்று சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் கேட்டார். அவருக்கு அது நியாயமான கேள்வி. அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தாள். அதோடு சரி.

அப்பாவுக்குச் சொரியாசிஸ் வந்தது அதற்கு அடுத்த வருஷம். அம்மாவின் வயிற்றெரிச்சல்தான் இப்படி வந்துவிட்டது என்று ஒரு அத்தை சொன்னார். அந்த அத்தைக்கு எங்கள் வீட்டில் இப்போது தண்ணீர்கூடக் கிடையாது.

முதலில் உள்ளங்கையில் ஒரு திட்டு. பிறகு இரண்டு உள்ளங்கைகளும் தடித்து, வெள்ளை வெள்ளையாகச் செதில் உரிந்து, ரேகை தெரியாமல் போயின. பாதங்களும் அப்படியே. நாள் முழுக்க நின்று செய்கிற வேலை. சாயங்காலம் செருப்பைக் கழற்றினால் உள்ளே ரத்தம் இருக்கும். கத்தரியின் வளையத்துக்குள் கட்டைவிரலை நுழைத்தாலே வெடிப்பு பிளந்துகொள்ளும். கையுறை போட்டுப் பார்த்தார். உள்ளே வியர்த்து இன்னும் மோசமானது. அது போதாதென்று, கையுறை போட்ட கையைப் பார்த்ததும் வாடிக்கையாளர்களுக்குச் சந்தேகம் வந்துவிடும்.

"அண்ணே, இது ஒட்டுமா?"

"ஒட்டாது சார். தொத்து வியாதி இல்ல."

"அதுக்கில்ல, சும்மா கேட்டேன்."

சும்மா கேட்டவர் அடுத்த மாதம் பக்கத்து நாற்காலிக்காகக் காத்திருப்பார். அப்பாவின் நாற்காலி காலியாகக் கிடக்கும், அந்த ஆள் செய்தித்தாளைத் தலைகீழாகக்கூடப் படித்து முடித்திருப்பார், ஆனாலும் எழுந்து வரமாட்டார். அப்பா அந்தக் காலி நாற்காலியைத் துடைத்துக்கொண்டே இருப்பார். சுத்தமாக இருக்கிறதே, இன்னும் என்ன துடைப்பது என்று யாரும் கேட்டதில்லை.

சலூன் முதலாளி நல்ல மனுஷன். அதுதான் கொடுமை. கெட்டவனாக இருந்தால் நாலு வார்த்தை திட்டியாவது மனதை ஆற்றியிருக்கலாம். ஒருநாள் வீட்டுக்கே வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"உங்களை அனுப்ப எனக்கு மனசே இல்ல. ஆனா வர்றவங்க முகத்தைச் சுளிச்சுட்டுப் போறாங்க. மழைக்காலம் முடியுற வரைக்கும் பார்க்குறேன். அதுக்குள்ள கை சரியாகலைன்னா வேற ஆளைத்தான் போட்டாகணும். தப்பா எடுத்துக்காதீங்க."

அப்பா தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. முதலாளி போன பிறகு ஜன்னல் ஓரமாகப் போய் நின்று இரண்டு கைகளையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பதினைந்து வயதில் கத்தரி பிடித்தவர். வேறு எந்த வேலையும் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசைப்பட்டதும் கிடையாது. "இது போச்சுன்னா நான் என்னம்மா பண்ணுவேன்?" என்று என்னிடம் கேட்டார். பதில் தெரியாத கேள்வியைப் பெற்ற மகளிடம் கேட்கக்கூடாது. எனக்கு அழுகைக்குப் பதிலாகக் கோபம்தான் வந்தது. எப்போதுமே எனக்கு அப்படித்தான்.

இதற்கு நடுவே வீட்டில் ஒரு விசேஷம் நடந்தது. ஒருநாள் காலையில் அப்பா சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். விரல் மடங்கவில்லை. நான் குளித்துவிட்டு வருவதற்குள் அம்மா அவர் எதிரே நின்று பொத்தான்களைப் போட்டுக்கொண்டிருந்தாள். முகத்தைப் பார்க்கவில்லை. பொத்தானை மட்டும்தான் பார்த்தாள். முடித்ததும் மேஜையில் கிடந்த களிம்பை எடுத்தாள். பழைய டாக்டர் செதில் இளகுவதற்காக எழுதிக்கொடுத்தது, பசை மாதிரி பிசுபிசுக்கும். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அவர் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டு தேய்க்க ஆரம்பித்தாள். அப்பா மூச்சுகூட விடவில்லை. எங்கே விட்டால் எழுந்து போய்விடுவாளோ என்று பயந்த மாதிரி இருந்தார்.

அன்றிலிருந்து அது தினசரி வழக்கமாகிவிட்டது. வெந்நீரில் பிழிந்த துணியால் கையைச் சுற்றுவாள். பிறகு களிம்பு. ஒவ்வொரு வெடிப்பிலும் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி ஏற்றுவாள். மெல்லிய பிளாஸ்டிக் தாளால் சுற்றிக் கொஞ்ச நேரம் வைப்பாள். பிறகு பாதங்கள். பேச்சு மட்டும் கிடையாது. அவர் கால் அவள் மடியில் இருக்கும்போதே என்னைக் கூப்பிட்டு, "வலிச்சா சொல்லச் சொல்லு" என்பாள். "வலிக்கலைன்னு சொல்லு" என்பார் அவர். என் தலையெழுத்து!

அம்மாவுக்கு பிஸ்கட் ஃபேக்டரியில் பேக்கிங் வேலை. மத்தியானம் போனால் எல்லோரும் தூங்கிய பிறகுதான் வருவாள். அவர்கள் இரண்டு பேரும் விழித்திருந்து ஒன்றாக இருக்கிற நேரம் அந்தக் காலைநேரம் மட்டும்தான்.

புதிதாகப் போன தோல் டாக்டர்தான் லேசரைப் பற்றிச் சொன்னார். "அடியோட போகாது. ஆனா அடங்கும். அடங்கினா நீங்க தாராளமா வேலை செய்யலாம்" என்றார். அடங்கும் என்ற வார்த்தையை அப்பா வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். வாரத்தில் இரண்டு நாள் போக வேண்டும். பஸ் கம்பியைப் பிடிக்க அவரால் முடியாது, அதனால் என் ஸ்கூட்டரில்தான் கூட்டிப்போவேன். பின்னால் உட்கார்ந்து எதையும் பிடிக்காமல் கைகளை மடியில் மல்லாத்தி வைத்துக்கொள்வார். வேகத்தடை வரும்போதெல்லாம் வண்டியைத் தவழவிடுவேன்.

கிளினிக் வாசலில் அவரை இறக்கிவிட்டு, வண்டி நிறுத்த இடம் தேடிவிட்டு நான் மேலே போவதற்குள் அவர் கை கழுவுகிற இடத்தில் நிற்பார். சோப்புப் போட்டுத் தேய்தேய் என்று தேய்ப்பார், காலையும் தூக்கி வைத்துக் கழுவுவார். சலூன்காரர், சுத்தம் பார்க்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். பிறகு கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டிவிடுவார்கள். லேசர் போடுகிற பெண்ணை நாங்கள் லேசர் அக்கா என்போம். கையில் பிடிக்கிற கருவியை ஒவ்வொரு திட்டாக வைத்து வைத்து எடுப்பார். டிக் டிக் என்று சத்தம் வரும். லேசாகச் சூடு தெரியும் என்பார் அப்பா, அவ்வளவுதான்.

வாரங்கள் போயின. ஒன்றும் நடக்கவில்லை.

"போட்ட மறுநாள் கொஞ்சமாவது சிவக்கணும்மா. சிவந்தாத்தான் தோல் வெளிச்சத்தை வாங்கிக்குதுன்னு அர்த்தம்" என்றார் லேசர் அக்கா. "இவருக்கு ரோஸ் கலர்கூட வரல. அளவைக் கொஞ்சம் கூட்டுறேன்."

கூட்டினார். அப்போதும் இல்லை. மறுபடியும் கூட்டினார். அப்பாவின் தோல் கல்லாகவே இருந்தது. மழை விட்டு விட்டுப் பெய்ய ஆரம்பித்திருந்தது, வானத்தைப் பார்த்தாலே எனக்கு முதலாளியின் முகம் ஞாபகம் வந்தது. ஒருநாள் விடிந்ததும் அப்பா குளியலறைக்கு முழங்காலில் போவதைப் பார்த்தேன். பாதத்தைத் தரையில் வைக்க முடியவில்லை. நான் பார்த்தது தெரிந்தால் அவமானப்படுவார் என்று போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன். உள்ளே போர்வையைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த தடவை லேசருக்குப் போகவேண்டிய அன்று ஃபேக்டரியில் அவசர ஆர்டர் என்று எல்லோரையும் இரண்டு நாளைக்குக் காலையிலேயே வரச் சொல்லிவிட்டார்கள். அம்மா போய்விட்டாள். அப்பா வழக்கம்போல மேஜையில் கையை விரித்து உட்கார்ந்திருந்தார். "அம்மா போயாச்சுப்பா" என்றதும், "ஓ" என்று எழுந்தார். நான் பூசட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், நேரமாகிறது என்றார்.

அன்று லேசர் போட்டுக்கொண்டு வந்தவரின் உள்ளங்கை மறுநாள் காலையில் தக்காளியாகச் சிவந்து வீங்கியிருந்தது. மத்தியானத்துக்குள் கொப்புளம். கையிலும் பாதத்திலும் நீர் கோத்துக்கொண்டு நின்றது. அவர் கத்தவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு, "எரியுதும்மா, எரியுதும்மா" என்று முனகிக்கொண்டே இருந்தார். தூக்கிப்போட்டுக்கொண்டு கிளினிக்குக்கு ஓடினேன்.

டாக்டருக்கே ஒன்றும் புரியவில்லை. "போன தடவை போட்ட அதே அளவுதானே? அப்போ சிவக்கக்கூட இல்லையே" என்று லேசர் அக்காவைப் பார்த்தார். பிறகு அப்பாவைக் கேட்டார். "மத்த நாள்ல வரும்போது கையில ஏதாவது பூசிட்டு வந்தீங்களா?"

"இல்ல சார்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "என்னப்பா இல்லைங்கிறீங்க? அம்மா தினமும் களிம்பு தேய்க்குதே!"

டாக்டர் களிம்பின் பெயரைக் கேட்டார். சொன்னேன். நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அந்தக் களிம்பு தோலில் இருந்தால் வெளிச்சத்தை உள்ளே விடாதாம். குடை பிடித்த மாதிரிதானாம். பிசுபிசுப்பு சோப்புக்கும் முழுக்கப் போகாது. தோல் அசையவில்லையே என்று இவர்கள் அளவைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறார்கள். களிம்பு இல்லாமல் வந்த அன்று கூட்டிய அளவு முழுவதும் நேராக உள்ளே இறங்கிவிட்டது.

"நான் முதல் நாளே சொன்னேனே சார்" என்றார் லேசர் அக்கா, அழாத குறையாக. "வரும்போது எதுவும் பூசக்கூடாது, லேசர் முடிஞ்சு சாயங்காலமா பூசிக்கோங்கன்னு. ஒவ்வொரு தடவையும் கேட்டுட்டுத்தான் போடுறேன். இல்லைன்னுதான் சொல்வாரு."

அப்பா யார் முகத்தையும் பார்க்கவில்லை.

கீழே வந்ததும் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். இரண்டு கைகளிலும் கட்டு. நான் ஸ்கூட்டர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அதை அவர் மேல் எறிந்துவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது.

"முதல் நாளே தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"சோப்புப் போட்டா போயிடும்னு நினைச்சேன்."

"போகலைன்னு தெரிஞ்ச பிறகாவது சொல்லியிருக்கலாம்ல? அம்மாகிட்டச் சொல்லச் சொல்லி என்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல? முழங்கால்ல நடந்தீங்களே, அப்போ கூடவா தோணல?"

"சொன்னா நிறுத்திடுவாடி."

"நிறுத்தட்டுமே! கை குணமாகுமா இல்லையா?"

"கை குணமாயிடும்." அவர் கட்டுப் போட்ட கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்புறம் அவ எதுக்கு என்னைத் தொடணும்?"

சாவியைப் பையில் போட்டுவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். என்னைத் தெரிந்தவர்கள் நம்பமாட்டார்கள்.

"சாயங்காலம் பூசிக்கலாம்னு சொன்னாங்களேப்பா" என்றேன் கடைசியில். "நான் பூசிவிடுறேன்."

அப்பா வேண்டாம் என்று தலையை அசைத்தார். அம்மாவிடம் மட்டும் சொல்லிவிடாதே என்றார். சரி என்று தலையாட்டினேன். அவரை வீட்டில் விட்டுவிட்டு நேராக ஃபேக்டரிக்கு வண்டியை விட்டேன்.

டீ இடைவேளை. கேட்டுக்கு உள்ளே பெண்கள் தலையில் வலைத்தொப்பியோடு வரிசையாகச் சுவர் ஓரம் உட்கார்ந்திருந்தார்கள். தெருவெல்லாம் வெந்த மாவும் சர்க்கரையும் மணத்தது. என்னைப் பார்த்ததும் அம்மா பதறிப்போய் எழுந்து வந்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். கொப்புளத்தைச் சொன்னேன். களிம்பைச் சொன்னேன். அப்பாவுக்கு முதலிலிருந்தே தெரியும் என்பதையும் சொன்னேன்.

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான்."

"எதுக்காம்?"

அவர் படிக்கட்டில் சொன்னதை அப்படியே சொன்னேன். இத்தனை வருஷத்தில் நான் சுமந்த தபாலிலேயே அதுதான் கனமானது. அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். "அப்போ இத்தனை நாளா நான் தேய்ச்சதுதான்..." என்று ஆரம்பித்து முடிக்காமல் விட்டாள். பிறகு, "உங்கப்பாவுக்கு எப்பவும் புத்தி கிடையாது" என்றாள். வலைத்தொப்பியைக் கழற்றி அதனாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மணி அடித்தது. தொப்பியை மறுபடி மாட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

கொப்புளம் ஆறும் வரையில் களிம்பு பூசக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். தீப்புண்ணுக்கான மருந்தை வைத்து நான்தான் கட்டு மாற்றினேன். அம்மா அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. அப்பா மட்டும் தினமும் காலையில் அதே மேஜைக்கு வந்து, கட்டுப் போட்ட கைகளை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அம்மா மத்தியானம் வேலைக்குக் கிளம்புகிற வரைக்கும் அங்கேயேதான். சாப்பிடக் கூப்பிட்டால் பசியில்லை என்பார். அந்த வாரத்தில் முதலாளி ஃபோன் செய்தார். ஒரு ஆள் வந்திருக்கிறானாம், சும்மா தற்காலிகத்துக்குத்தான், மழைக்காலம் முடிகிற வரை சொன்ன சொல்லை மாற்றமாட்டேன் என்றார். அப்பா சரிங்க சரிங்க என்று சொல்லிவிட்டு, ஃபோனை என்னிடம் நீட்டினார். மழைக்காலத்தில் என்ன பெரிதாக மிச்சம் இருந்தது?

புண் ஆறியது. வெந்து உரிந்த இடங்களில் இரண்டு விரல் அகலத்துக்கு மெல்லிய புதுத் தோல் தெரிந்தது. இரண்டு வருஷத்துக்குப் பிறகு அப்பாவின் உள்ளங்கையில் ரேகை பார்த்தேன். டாக்டர் உற்சாகமாகிவிட்டார். வெளிச்சம் பட்டால் இந்தத் தோல் கேட்கிறது, குறைந்த அளவிலிருந்து மறுபடியும் ஆரம்பிப்போம், ஒன்றும் பூசாமல் வாருங்கள் என்றார்.

போகவேண்டிய நாள் காலையில் நான் சாவியோடு நின்றேன். அப்பா மேஜையை விட்டு அசையவில்லை.

"நான் வரல."

"என்ன விளையாட்டாப்பா?"

"லேசரும் வேணாம், ஒண்ணும் வேணாம். எனக்குக் களிம்பு போதும். அம்மாகிட்ட எடுத்துட்டு வரச் சொல்லு."

"களிம்பு போதும்னா நாற்காலி போயிடும்! அப்புறம் காலம் பூரா இப்படியே கையை விரிச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பீங்களா?"

"உட்கார்ந்திருக்கேன்" என்றார். சண்டைக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே முடிவு செய்துவிட்டார் என்று தெரிந்தது. கத்தரியை விட்டுவிட்டார் அவர்.

அடுப்படியிலிருந்து அம்மா வந்தாள். ஈரக்கையைத் துடைத்துக்கொண்டாள். களிம்பு அலமாரியில் இருந்தது. அதன் பக்கம் போகாமல் மேஜைக்கு எதிரே வந்து நின்றாள்.

"இங்க பாருங்க" என்றாள்.

யாரைச் சொல்கிறாள் என்று ஒரு கணம் எனக்குப் புரியவில்லை. அப்பா நிமிர்ந்து பார்த்தார்.

"எங்கண்ணன் முகத்தை மூடுறப்போ நான் ஒருத்தியா நின்னுக்கிட்டிருந்தேன். என் பக்கத்துல ஒரு ஆள் கிடையாது. அதை உங்ககிட்டக் கேக்கணும்னு தினம் தினம் வாய் வரைக்கும் வரும். இந்தக் கையைப் பார்த்தா மறுபடியும் உள்ள போயிடும். புண்ணுக் கையோட எதிர்ல உட்கார்ந்திருக்குற மனுஷன்கிட்ட நான் எப்படிச் சண்டை போடுறது? சொல்லுங்க."

அப்பா தன் கைகளைக் குனிந்து பார்த்தார்.

"களிம்பு இல்லாம இந்தக் கையைப் பிடிக்க எனக்கு இன்னும் மனசு வரல. பொய் சொல்ல மாட்டேன். ஆனா போய்க் குணமாக்கிட்டு வாங்க. முதல்ல குணமாகட்டும். உங்களை எனக்கு நல்லாத் திட்டணும்."

"திட்டுவியா?" என்று கேட்டார் அப்பா.

"திட்டுவேன்."

"நிஜமாவா?"

"நாலு வருஷத்துக்கும் சேர்த்து வச்சுத் திட்டுவேன். கேட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கணும். எழுந்து போகக்கூடாது."

அப்பா அழ ஆரம்பித்தார். கையில் எதுவும் படக்கூடாது என்பதால் கண்ணைத் துடைக்காமல், இரண்டு கைகளையும் மேஜையில் மல்லாத்தி வைத்தபடியே அழுதார். பிறகு முகத்தைச் சட்டைத் தோளில் தேய்த்துக்கொண்டு எழுந்து, வெடித்த பாதங்களோடு செருப்பைத் தேடிப் போனார். வாசலுக்குப் போனதும் திரும்பி என்னைப் பார்த்துக் கத்தினார்.

"என்னடி மரம் மாதிரி நிக்கிற? வண்டியை எடு, நேரமாகுதுல்ல!"